பழைய பிக்கப் வண்டியில் கடகட சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

பழைய பிக்கப்பில் கடகட என்று சத்தம் வர ஆரம்பித்தால் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். இல்லையென்றால் யாரோ சொன்னதைக் கேட்டு ஷாக் அப்சார்பர், பால் ஜாயிண்ட் (முன் சக்கரத்தைச் சஸ்பென்ஷன் கையோடு இணைக்கும் உருண்டை மூட்டு) என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார்கள். இரண்டாவது வழியில் பணம் போகும், சத்தம் போகாது. முதல் வழியில் சில நேரம் சக்கரமே கழன்று போகும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு விதியின் மேல் நிற்கிறது. சத்தத்தை உங்கள் விருப்பப்படி வரவழைக்கவும், நிறுத்தவும் முடிகிற வரை எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். ஒரு பாகத்தைக் கையால் அழுத்திப் பிடித்தால் சத்தம் நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது என்றால்தான் அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியும். அதுவரை எல்லாம் ஊகம்.

பிக்கப்பில் இது ஏன் கார்களைவிடக் கடினம் என்று தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான பிக்கப்களில் ஏணி வடிவச் சேஸ்ஸியின் மேல் கேபின் தனியாகவும் பின்தொட்டி தனியாகவும் போல்ட்டால் மாட்டப்பட்டிருக்கும். கேபினுக்கும் சேஸ்ஸிக்கும் நடுவில் ரப்பர் மவுண்டுகள் உண்டு. பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் அந்த ரப்பர் கெட்டியாகி வெடிக்கும், போல்ட்டுகள் துருப்பிடிக்கும். பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங் சரக்கு தாங்குவதற்காக விறைப்பாகச் செய்யப்பட்டது. தொட்டி காலியாக இருந்தால் சின்னக் குழியில்கூட பின்பக்கம் துள்ளும். இதற்கெல்லாம் மேலாக, சேஸ்ஸியின் நீளமான இரும்புச் சட்டம் சத்தத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடத்திவிடும். இருக்கைக்கு அடியில் கேட்பது சைலன்சர் தாங்கியிலிருந்து வந்திருக்கலாம். அதனால் காது காட்டும் இடத்தை முதலில் நம்ப வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்

சத்தத்தைக் கேட்கலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் எல்லாச் சக்கர நட்டுகளையும் ஸ்பேனரால் சரிபாருங்கள். தளர்ந்த நட்டு மெதுவான வேகத்தில் வெறும் கடகட சத்தமாகத்தான் கேட்கும். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தாலோ, சக்கரத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

அடுத்து இன்ஜின் ஆயில் அளவு. அதன்பின் பிரேக் மிதி: வழக்கத்தைவிடக் கீழே போகிறதா என்று மிதித்துப் பாருங்கள். கடைசியாகக் குனிந்து, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் முழுக்க ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். அதன் முனைத் தட்டை (ஃபிளேஞ்ச்) மாட்டியிருக்கும் போல்ட் ஒன்று குறைந்திருந்தால் அன்றைய சோதனை அங்கேயே முடிந்தது.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. நல்ல டார்ச், ரப்பர் சுத்தியல், சந்தேகமான இடத்தைக் குறிக்கச் சாக்பீஸ், சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்க நீளமான மரக்குச்சி அல்லது மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப், நீளமான பிரை பார் (நெம்புகோல்), இரண்டு ஜாக் ஸ்டாண்ட், சக்கரங்களுக்கு அண்டைக் கட்டைகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவது ஸ்டாண்டின் வேலை. புகைக்குழாய் பக்கம் கை வைப்பதாக இருந்தால் இன்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும்.

முதல் படி: எங்கே என்பதற்கு முன் எப்போது

"எங்கிருந்து வருகிறது?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி. ஆனால் "எப்போது வருகிறது?" என்பதுதான் வேலைக்கு உதவும் கேள்வி. ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: வண்டி நிற்கும்போது வருகிறதா, ஓடும்போது மட்டுமா? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? மேடு பள்ளத்தில் மட்டுமா, வழுவழுப்பான சாலையிலுமா? ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா? திருப்பும்போதா? பிரேக்கில் கால் வைத்தால் மாறுகிறதா? காலி வண்டியிலா, சரக்கு ஏற்றியபோதா?

அப்புறம் மூன்று எளிய சோதனைகள் போதும், பாதி சந்தேகங்கள் விலகிவிடும்.

வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜின் வேகத்தை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். சத்தம் வந்தால் அது இன்ஜின், பெல்ட் பக்கச் சாமான்கள், கிளட்ச், கியர்பாக்ஸ், புகைக்குழாய் இவற்றில் ஒன்று. சஸ்பென்ஷன் பக்கம் போகவே தேவையில்லை.

நின்ற இடத்தில் வரவில்லையென்றால், ஆளில்லாத நேரான சாலையில் சத்தம் வரும் வேகத்துக்குப் போய், நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானாக உருள விடுங்கள். இன்ஜின் வேகம் குறைந்தும் சத்தம் அப்படியே தொடர்ந்தால், சுழலும் பாகங்களோ சஸ்பென்ஷனோதான் காரணம். இன்ஜினை மட்டும் அணைக்கக் கூடாது. அணைத்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்குக்கான உதவியும் போய்விடும்.

மூன்றாவது, நடை வேகத்தில் ஒரு எண்ணிக்கை. பிக்கப் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.3 மீட்டர் உருளும். மணிக்கு 10 கிலோமீட்டரில் சக்கரம் ஒரு நொடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று மேல் சுழலும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோ, பின் ஆக்சிலின் விகிதம் 4-க்கு 1 (ஷாஃப்ட் நான்கு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) என்று வைத்துக்கொண்டால், அதே நேரத்தில் ஐந்து சுற்றுக்கு அருகில் சுழலும். டக்... டக்... என்று எண்ண முடிகிற நிதானத்தில் வந்தால் சக்கரம், பிரேக், ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) பக்கம் தேடுங்கள். எண்ண முடியாத வேகத்தில் படபடவென்று வந்தால் ஷாஃப்ட் பக்கம். வேகத்தோடு சம்பந்தமே இல்லாமல் பள்ளத்தில் மட்டும் வந்தால் சஸ்பென்ஷன் அல்லது பாடி. ஸ்பேனரைத் தொடாமலே இவ்வளவு தூரம் வந்துவிடலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

இரண்டாம் படி: நின்ற இடத்தில் வரும் சத்தம்

ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) மெல்லிய தகரம் நடுங்குவதுபோல் வந்து, ஒரு குறிப்பிட்ட இன்ஜின் வேகத்தில் உச்சமாகி, அதைத் தாண்டினால் காணாமல் போனால் முதலில் புகைக்குழாயின் வெப்பத் தடுப்புத் தகடுகளைப் பாருங்கள். பழைய பிக்கப்பில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் காரணம் இதுதான். தகடு மெல்லியது, போல்ட் துளையைச் சுற்றித் துரு அரித்துவிடும், அப்புறம் தகடு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ஆறிய வண்டியில் புகைக்குழாயை முன்னிருந்து பின்னாக ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். தளர்ந்த தகடு தானே காட்டிக்கொடுக்கும். தகட்டைச் சுற்றி நீளமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கினால் பல ஆண்டுகள் தாங்கும். பிய்த்து எறிந்துவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூடு பல நூறு டிகிரி வரை போகும். கேபின் தரையையும், பக்கத்தில் போகும் பிரேக் மற்றும் எரிபொருள் குழாய்களையும், வண்டிக்கடியில் இருக்கும் காய்ந்த புல்லையும் காப்பது அந்தத் தகடுதான்.

தட்டிக்கொண்டே வரும்போது கன்வெர்ட்டருக்கு உள்ளேயிருந்து, தகர டப்பாவில் கூழாங்கல் உருளும் சத்தம் கேட்டால் உள்ளிருக்கும் செராமிக் தேன்கூடு உடைந்திருக்கிறது. அதற்குக் கிளாம்ப் உதவாது. உடைந்த துண்டுகள் புகைவழியை அடைத்தால் மேட்டில் வண்டி இழுக்காமல் போகும். கன்வெர்ட்டரை மாற்றுவதோடு நிறுத்தாமல், அது உடைந்ததற்கான காரணத்தையும் தேடுங்கள். மிஸ்ஃபயர் ஆகும் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாத) இன்ஜின் எரியாத பெட்ரோலை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தால் புதியதும் அதே கதிதான். சைலன்சர் உள்ளே தகடு பெயர்ந்திருந்தாலும், ரப்பர் தாங்கி அறுந்து குழாய் சேஸ்ஸியில் இடித்தாலும் இதே நடையில் தெரிந்துவிடும். பளபளவென்று தேய்ந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் துரு நிற்காது.

இன்ஜின் முன்பக்கத்திலிருந்து வந்தால் பெல்ட் பக்கம். ஏசியைப் போட்டு நிறுத்திப் பாருங்கள். சத்தம் கூடவே வந்து போனால் கம்ப்ரெஸர் அல்லது அதன் கிளட்ச். இல்லையென்றால் இன்ஜினை அணைத்துவிட்டு வெளிப்பக்கத் துணைப் பெல்ட்டைக் கழற்றி, ஒரு நிமிடத்துக்குள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பல இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதனால் அதற்குமேல் ஓட்டக் கூடாது. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் இருக்கும் இன்ஜினில் அதைத் தொடவே கூடாது. சத்தம் நின்றால் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கும் உருளை), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை), ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஒவ்வொன்றையும் கையால் சுற்றி, ஆட்டிப் பாருங்கள். நல்ல பேரிங் ஓசையில்லாமல் வழுக்கிச் சுற்றும். கெட்டது கையிலேயே கரகரக்கும்.

மேனுவல் கியர் வண்டியென்றால் கிளட்ச் மிதியே ஒரு கருவி. மிதித்தால் சத்தம் தொடங்கினால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங், அல்லது ஐட்லிங்கில் கியர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்குவது. ஆட்டோமேட்டிக்கில் ஐட்லிங்கில் கனமான தட்டல் வந்தால், இன்ஜின் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டில் விரிசல் இருக்கிறதா என்றும், அதில் மாட்டும் டார்க் கன்வெர்ட்டரின் போல்ட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த விரிசலின் சத்தம் இன்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் பேரிங் அடிப்பதைப்போலவே ஏமாற்றும்.

மூன்றாம் படி: இன்ஜினின் உள்ளே என்றால்

இங்கே நிதானம் வேண்டும், சில விஷயங்களில் உடனடி முடிவும் வேண்டும்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் மட்டும் கரகரவென்று வந்து நின்றுவிட்டால், ஆயில் அழுத்தம் ஏறும் வரை டைமிங் செயின் (வால்வுகளை இயக்கும் செயின்) தளர்வாக ஆடுகிறது என்று பொருள் கொள்ளலாம். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பல இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. முதலில் சரியான தரத்தில் ஆயிலும் நல்ல ஃபில்டரும் மாற்றிப் பாருங்கள். ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு கெட்டிருந்தாலும் இதே சத்தம் வரும். அதற்குப் பிறகும் தொடர்ந்தாலோ, சூடான பிறகும் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோத வாய்ப்பிருக்கிறது.

குளிரில் டிக் டிக் என்று வந்து, சூடானதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகையைத் திரட்டும் வார்ப்புக் குழாய்) கசிவு இருக்கலாம். உடைந்த ஸ்டட், வெடித்த வார்ப்பு, அதைச் சுற்றிக் கரிப் படலம் என்று தடயம் கிடைக்கும். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைப்பதால்தான் சத்தம் குறைகிறது. குறைந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது, அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. கேபினுக்குள் வர வழி கிடைத்தால் வரும்.

மேடேறும்போது, சுமையோடு ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் பெட்ரோல் இன்ஜின் கிலுகிலுத்தால் அது நாக்கிங்: தீச்சுடர் வந்து சேரும் முன்பே எரிபொருள் கலவையின் ஒரு பகுதி தானாக வெடிப்பது. குறைந்த ஆக்டேன் பெட்ரோல், தவறான இக்னிஷன் டைமிங், அதிகச் சூடு, படிந்த கரி, வேலை செய்யாத ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்குத் திருப்பி அனுப்புவது) என்று காரணங்கள். கழன்ற தகரம் என்று நினைத்து இதைத் தேடிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. டீசல் இன்ஜினுக்கு இயல்பாகவே ஒரு தட்டல் உண்டு, அது வழக்கத்தைவிட மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய் இருப்பது) எந்த சிலிண்டர் என்று பார்க்க இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்தும் பழைய பழக்கம் வேண்டாம். அங்கே இருக்கும் அழுத்தம் 1,000 பாருக்கு (காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு) மேல் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அடிவயிற்றிலிருந்து ஆழமான, கனமான தட்டல், இன்ஜின் சூடானதும் கூடுகிறது, அதோடு ஆயில் விளக்கும் எரிகிறது என்றால் அந்த நொடியே இன்ஜினை அணையுங்கள். வீடு வரை ஓட்டிவிடலாம் என்ற எண்ணம்தான் சரிசெய்யக்கூடிய இன்ஜினைத் தூக்கிப்போட வைக்கிறது.

நான்காம் படி: பள்ளத்தில் வரும் சத்தம்

பிக்கப் சத்தங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் முடியும் என்பது என் எண்ணம்.

முதலில் செலவில்லாதவை. ஸ்டெப்னியைத் தொட்டிக்கடியில் தொங்கவிடும் கேபிளைக் கடைசி வரை இறுக்குங்கள். ஜாக்கி, அதன் கைப்பிடி, சக்கர ஸ்பேனர், இருக்கைக்குப் பின்னால் கிடக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். அப்புறம் டெயில்கேட். மூடியபடி கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். லொடலொட என்றால் கீலில் இருக்கும் புஷ் (தேய்வைத் தாங்கும் வளையம்), பூட்டு, ரப்பர் தாங்கிகள் தேய்ந்திருக்கின்றன. ரப்பர் பட்டை ஒன்றை இடுக்கில் வைத்து இறுக்கமாக மூடி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தொட்டியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் சோதியுங்கள். கேபின் மவுண்டுகளை, பிரை பாரால் கேபினை மெல்ல நெம்பி, ரப்பருக்கும் இரும்புக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இப்போது ஒரு பயனுள்ள சோதனை. வண்டியின் சுமை வரம்புக்குள் சுமார் 100 கிலோ மணல் மூட்டைகளைப் பின் ஆக்சிலுக்கு மேலே, நகராதபடி கட்டி வைத்து அதே சாலையில் ஓட்டுங்கள். சத்தம் நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ பின் சஸ்பென்ஷனும் தொட்டியும்தான் தேட வேண்டிய இடம். மாறவேயில்லை என்றால் முன்பக்கம் போங்கள்.

பின்னால்: பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் விரிந்திருந்தால் பட்டைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸ்ஸியோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் தேய்ந்தால் ஷேக்கிள் பக்கவாட்டில் ஆடும். பிரை பாரை வைத்து நெம்பிப் பாருங்கள். பட்டைகளை ஆக்சிலோடு கட்டிப்பிடிக்கும் யூ போல்ட்டைச் சுற்றித் துருப்பொடி புதிதாக இருந்தால் அது தளர்ந்திருக்கலாம். ஒரு பட்டை உடைந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கலாம். யூ போல்ட் தளர்ந்த வண்டியிலும் பட்டை உடைந்த வண்டியிலும் ஆக்சில் இடம் மாறக்கூடும், அதனால் ஓட்டாதீர்கள். ஷாக் அப்சார்பரை அதன் முனை புஷ்ஷில் பிடித்து ஆட்டுங்கள். உள்ளே நல்லா இருக்கும், புஷ் மட்டும் போயிருக்கும். அதுதான் அடிக்கடி நடப்பது.

முன்னால் வேலை கொஞ்சம் அதிகம். ஸ்பிரிங் அல்லது டார்ஷன் பார் (முறுக்கித் தாங்கும் இரும்புக் கம்பி) சஸ்பென்ஷனின் கீழ்க்கை மேல் சுமையை இறக்கும் அமைப்பில், கீழ்க்கைக்கு அடியில், முனைக்கு அருகே ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அப்போதுதான் கீழ் பால் ஜாயிண்ட்டின் மேல் சுமை இல்லாமல் அதன் ஆட்டம் தெரியும். ஸ்பிரிங் மேல்கையில் உட்காரும் அமைப்பில் சேஸ்ஸிக்கு அடியில் தூக்க வேண்டும்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவிக்கு ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் சக்கர பேரிங், போகாவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தட்டினால் டை ராடு எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) அல்லது ஸ்டீயரிங் இணைப்பு. சின்னச் சின்ன மேடுகளில் மெதுவாகப் போகும்போது ஒரு பக்கம் மட்டும் டொக் டொக் என்றால் ஸ்டெபிலைசர் பாரின் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க் ராடு. வண்டி நான்கு காலிலும் நிற்கும்போது அதைக் கையால் பிடித்து, முன்பக்கத்தை வேறொருவர் அழுத்தி அழுத்தி விட்டால் தட்டு விரலில் தெரியும். பால் ஜாயிண்ட்டிலோ டை ராடிலோ ஆட்டம் தெரிந்தால் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: உருளும்போது வரும் சத்தம்

சத்தம் வரும் வேகத்தில் பிரேக் மிதியில் காலை மெல்ல வையுங்கள். உடனே நின்றால் முன் பிரேக் பேட் அதன் கூட்டில் ஆடுகிறது. பேடைப் பிடிக்கும் சின்ன கிளிப்புகளைப் பழைய பேடோடு எறிந்துவிட்டுப் புதுப் பேடை மட்டும் போட்டிருந்தால் இது வரக்கூடும். காலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் கூடு) நழுவும் பின்களும் காய்ந்திருக்கலாம், அதற்கென்று இருக்கும் கிரீஸைத் தடவுங்கள். பின் டிரம்மில் என்றால் ஸ்பிரிங்கோ பின்னோ கழன்று உள்ளே சுற்றிக்கொண்டிருக்கலாம். டிரம்மைத் திறக்காமல் விடாதீர்கள். டிஸ்க்குக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவில் சிக்கிய சரளைக்கல் பெரிய பயத்தைக் கிளப்பும், ரிவர்ஸ் எடுத்தால் சில நேரம் விழுந்துவிடும்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், முன்னிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் ஒரு டங்க், ஓடும்போது அதிர்வு. இது பெரும்பாலும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் வளைந்து சுழல உதவும் யூ ஜாயிண்ட். சக்கரங்களுக்கு நன்றாக அண்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் ஷாஃப்ட்டை இரண்டு கையால் எதிரெதிராக முறுக்குங்கள். டிஃபரன்ஷியல் பற்களில் கொஞ்சம் ஆட்டம் இயல்பு. நீங்கள் பார்க்க வேண்டியது ஜாயிண்ட்டுக்குள்ளேயே கிராஸும் (நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டு) யோக்கும் (அதைப் பிடிக்கும் கவட்டை) தனித்தனியாக நகர்கின்றனவா என்பதை. கிராஸின் முனையிலுள்ள பேரிங் கப்பைச் சுற்றிச் செம்பொடி தெரிந்தால் கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபட்டுவிட்டது. இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடுவிலுள்ள சென்டர் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் கிடைக்கவில்லையா

அப்போது காதை வண்டிக்கு அடியில் அனுப்ப வேண்டும். சேஸ்ஸியின் வெவ்வேறு இடங்களில் கிளிப்பால் மாட்டி, ஓட்டும்போது ஹெட்ஃபோனில் கேட்கும் மைக் செட்டுகள் கிடைக்கின்றன. சந்தேகப்படும் நான்கு இடங்களில் மாட்டிவிட்டு ஒன்றுக்கொன்று மாற்றிக் கேட்டால் உரத்த இடம் தெரிந்துவிடும். அது இல்லையென்றால் சந்தேகமானவற்றை ஒவ்வொன்றாக அமைதிப்படுத்துங்கள்: தகடுக்குக் கிளாம்ப், டெயில்கேட்டுக்கு ரப்பர், தொங்கும் ஹேண்ட் பிரேக் கேபிளுக்குக் கட்டு. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது என்று தெரியாமலே போகும். கேபினுக்குள் என்று தோன்றினால் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து டேஷ்போர்டு, கதவுப் பலகை, கண்ணாடி, சீட் பெல்ட் கொக்கி என்று கையால் அழுத்திக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தாலும் அந்தத் தாளைக் கையில் கொடுங்கள். "சஸ்பென்ஷன்ல சத்தம்" என்று சொல்வதைவிட, "40 கிலோமீட்டரில், காலி வண்டியில், பள்ளத்தில் மட்டும், இடது பின்பக்கம், மூட்டை வைத்தால் நிற்கிறது" என்றால் அவருக்கு நேராகப் போகவேண்டிய இடம் தெரியும். அவர் கேட்கும்படி ஒரு சுற்று கூடவே ஓட்டிக் காட்டிவிட்டு வாருங்கள்.

சரிசெய்த பிறகு அதே சாலையில், அதே வேகத்தில், அதே சுமையோடு ஓட்டிப் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) மறுபடி சரிபார்க்க வேண்டும். யூ போல்ட்டுக்கும் இது பொருந்தும். புது யூ போல்ட்டும் பட்டைகளும் உட்கார்ந்த பிறகு சற்றுத் தளரக்கூடும்.